தீவுக் காட்டில் ஒரு வெட்டவெளி

17 ஜனவரி 1973, புதன்

பனி. பஸ் கண்ணாடியெல்லாம் வேர்த்த மாதிரி. பொங்கல் லீவு முடிந்து இன்றுதான் ஆபீஸ். காரைக்குடி ஸ்டாண்டில் கூட்டம், பாதிப் பேர் கையில் கரும்புக்கட்டு. கண்டக்டர், "பள்ளத்தூர் ஆளெல்லாம் அங்குட்டுப் போங்க, அங்குட்டு." அங்குட்டு எங்கே இடம்.

ஏரோப்ளேன் படங்களின் புதுப் பெட்டி வந்திருக்கிறது. தீவின் தெற்குப் பாதி, மலைப்பக்கம். வழியில் ஈரம் பட்டுப் படங்களின் ஓரம் சுருண்டுவிட்டது. செட்டியார் அக்கரையில் குத்தகைக்கு எடுத்த தீவு. ஏரோப்ளேன் கம்பெனி படம் எடுத்துத் தருகிறது, படிக்க இங்கே ஆள் மலிவு என்று பள்ளத்தூரில் அவர் பூட்டிப் போட்டிருந்த வீட்டு மாடிக்குப் பெட்டியை அனுப்புகிறார். ஆறு வருஷமாக அந்தக் காட்டைத்தான் மேலேயிருந்து பார்க்கிறேன். எங்கே அலையாத்தி, எங்கே சதுப்பு, எங்கே பெருமரம். நம்மூர்த் தெருவைவிட அங்குள்ள ஓடைகள் நன்றாகத் தெரியும். கால் வைத்தது இல்லை.

மத்தியானம் ரேஞ்சர் கூப்பிட்டார். (மானேஜர்தான். காட்டிலாகாவில் ரிடையரானவர், எல்லோருக்கும் ரேஞ்சர்.) என்னையும் மாப்பிள்ளை செல்வராசையும்.

"அடுத்த மாசம் நாகப்பட்டினத்துல கப்பல். ஒங்கள்ல ஒருத்தர் போகணும். இங்க உக்காந்து படத்துல பாத்து எழுதினதெல்லாம் தரையில சரியா இருக்கான்னு நடந்து பாத்துட்டு வரணும். போயிட்டு வர்ற ஆளுக்கு அப்புறம் சிங்கப்பூர் ஆபீஸ். அமெரிக்காக்காரன் செயற்கைக்கோள் விட்டிருக்கான்ல, அது எடுக்கிற படமெல்லாம் அங்கதான் வரப்போகுதாம்."

யார் என்று சொல்லவில்லை. சொல்லவும் வேண்டியதில்லை. மாடிப்படி இறங்கும்போது மாப்பிள்ளை என் தோளைத் தட்டினார். "மச்சான், வர்றப்ப எனக்கு ஒரு நல்ல டார்ச்லைட்டு."

இடது கண் இன்றும் அப்படியேதான். பால் ஆடை போட்டது போல.

19 ஜனவரி, வெள்ளி

இன்று சுத்தமாக எழும்பவில்லை.

ரெண்டு படம். ஒரே இடம்தான், ப்ளேன் கொஞ்சம் நகர்ந்த பிறகு இன்னொரு தடவை எடுத்தது. ரெட்டை லென்ஸ் கண்ணாடிக்குக் கீழே பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இடது கண்ணுக்கு ஒன்று, வலது கண்ணுக்கு ஒன்று. ரெண்டும் ஒன்று சேரும்போது காடு தட்டையாக இருக்காது, எழுந்து நிற்கும். மரத்தின் உயரம், பள்ளம், மேடு எல்லாம் கைக்கு எட்டுகிற மாதிரி. கார்த்திகையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அமுங்கி வந்தது. இன்று அச்சடித்த சீட்டு மாதிரி கிடக்கிறது. சாயங்காலம் வரை எழும்பிவிடும் எழும்பிவிடும் என்று உட்கார்ந்திருந்தேன்.

நிழலையும் நிறத்தையும் வைத்து ஒப்பேற்றினேன். பெருமரக் காடு பொங்கின இட்லித் தட்டு போல. அலையாத்தி சலித்துவிட்ட கேழ்வரகு மாவு போல. வகை சொல்லிவிடலாம். உயரம் சொல்ல முடியாது.

பஸ்ஸுக்கு நடக்கையில் மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டேன். யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும். வீட்டில் பாக்கியத்திடம் சொன்னால் அழுவாள். இவர் என் தங்கை மீனாட்சியின் வீட்டுக்காரர், நான் சேர்த்துவிட்ட ஆள், நான் உட்கார வைத்துப் பார்க்கப் பழக்கிய ஆள். முதல் நாள் கண்ணாடியில் குனிந்ததும், "மச்சான், மரம் எந்திரிச்சு வருது" என்று தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டவர்.

கொஞ்ச தூரம் நடந்தார். பிறகு, "அங்க போயிட்டா கண்ணாடி எதுக்கு மச்சான். மரத்தை அண்ணாந்து பாக்க ஒத்தக் கண்ணு போதாதா. கப்பல் ஏறுற வரைக்கும் உயரத்தை நான் பாத்துச் சொல்றேன், வகையை நீங்க எழுதுங்க. ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது."

"மீனாட்சிட்டக் கூடச் சொல்ல வேணாம் மாப்ள."

"எங்க அம்மா மேல சத்தியம்."

ரொம்ப நாள் கழித்து இன்று சாப்பாடு இறங்கியது.

25 ஜனவரி, வியாழன்

நாளை லீவு. துணி ஊற வைக்கணும். ரேடியோ ரிப்பேர்.

வாங்க வேண்டியவை: கான்வாஸ் ஷூ (வாங்கியாச்சு, வெள்ளை). புகையிலை, அட்டைப்பூச்சிக்கு. வேப்பெண்ணெய். முழுக்கைச் சட்டை ரெண்டு, பழசே போதும். பாக்கியம் எலுமிச்சை ஊறுகாய் போடுகிறாள். கப்பலில் குமட்டினால் தொட்டுக்கொள்ளணுமாம்.

வேலை ஓடுகிறது. அவர் உயரம் சொல்ல நான் எழுத. ரேஞ்சர் பக்கத்தில் வந்தால் குனிந்துகொள்கிறேன்.

இன்று மட்டும் தனியே. மாப்பிள்ளை கீழச்சிவல்பட்டி போய்விட்டார், குலசாமிக்குப் பொங்கல். தெற்கு மலை முகட்டில் ஒரு இடம். பெருமரத்துக்கு நடுவே வெளுப்பாக, நீளவாக்கில், ஒரு வெட்டவெளி. மரம் இல்லை. அப்படி ஒரு இடம் அந்த உயரத்தில் எதிர்பார்க்கவில்லை. குறித்தேன். ரேஞ்சரிடம் காட்டினதும் அவருக்கு ஏக சந்தோஷம். "அப்ப மரம் வெட்டப் போற கோஷ்டிக்கு முதல் முகாம் அங்கதான்யா. வெட்டிச் சமப்படுத்துற வேலை மிச்சம்."

வீட்டில் பாக்கியம், "பேப்பரை ஏன் ஒரு பக்கமாச் சாச்சுப் படிக்கிறீக?"

விளக்கு வெளிச்சம் அடிக்குது என்றேன்.

1 பிப்ரவரி, வியாழன்

காலை பத்தரை இருக்கும். ரேஞ்சர் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேசை மேல் கண்ணாடி, அதன் கீழ் ஒரு ஜோடிப் படம்.

"ராமலிங்கம், இதுல ஆத்துக்கு இங்குட்டு உள்ள மரம் உயரமா, அங்குட்டு உள்ள மரம் உயரமா?"

ஆறு வருஷத்தில் அவர் இப்படிக் கேட்டதே இல்லை. குனிந்தேன். வெகுநேரம் குனிந்தே இருந்தேன். தட்டை.

"இங்குட்டு" என்றேன்.

அவர் சிகரெட் டப்பாவைத் திறந்து மூடினார். "எந்தக் கண்ணு?"

"யாருங்கய்யா சொன்னது?"

"ஒம் மேல அக்கறை உள்ளவுகதான் சொன்னாக. காட்டுல போய் விழுந்து வச்சேன்னா யாரு பொறுப்பு. செல்வராசு போகட்டும். நீ கொஞ்ச நாள் டிரேசிங் பாரு."

வெளியே வந்தேன். செல்வராசு பென்சில் சீவிக்கொண்டிருந்தான். முழுசாகச் சீவின பென்சில். அதையே சீவுகிறான். தலை நிமிரவில்லை.

இங்கே மரியாதை எழுத வரமாட்டேன் என்கிறது. விட்டுவிட்டேன்.

2 பிப்ரவரி, வெள்ளி

ஆபீஸ் போகவில்லை. தலைவலி என்று சொல்லியனுப்பினேன்.

மீனாட்சி வந்தாள், பாத்திரத்தில் வெள்ளைப் பணியாரம். முகமெல்லாம் பூரிப்பு. "அண்ணே, அவுகளுக்குக் கப்பல் யோகம்." பிறகு ஞாபகம் வந்த மாதிரி, "ஒங்களுக்குக் கண்ணு சரியில்லையாமே, காட்டக்கூடாதா?" அடுப்படி வரை கேட்டிருக்கும்.

அவள் போனதும் பாக்கியம் வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அவுககிட்டச் சொன்னீக. எங்கிட்டச் சொல்லல."

"நீ அழுவேன்னு."

"இப்ப மட்டும் என்ன செய்றேனாம்."

அழவில்லை. பணியாரத்தைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டாள். அது எனக்கு அழுகையை விட மோசமாக இருந்தது.

4 பிப்ரவரி, ஞாயிறு

வந்தான். உட்காரச் சொல்லாமலேயே உட்கார்ந்தான்.

"ரேஞ்சர் நேராக் கேட்டுட்டாரு மச்சான். பொய் சொல்ல நாக்கு வரல."

"அவரு எதுக்கு ஒங்களைக் கேக்கணும் மாப்ள? என்னையில்ல கேட்டிருக்கணும்."

பாக்கியம் கொண்டுவந்த தண்ணீரைக் குடித்தான். "நல்லதுக்குன்னு வச்சுக்கங்க. ஒத்தக் கண்ணோட போயி பள்ளம் தெரியாம விழுந்தீகன்னா நாளைக்கு அக்காவுக்கு நான்தான பதில் சொல்லணும்."

எழுந்து போகும்போது, செருப்பை மாட்டிக்கொண்டே, "அந்தக் கான்வாஸ் ஷூ... நமக்கு ரெண்டு பேருக்கும் ஒரே அளவுதான்."

கொடுத்துவிட்டேன். ஏன் கொடுத்தேன் என்று தெரியவில்லை. கை தானாகப் பெட்டியை எடுத்து நீட்டிற்று. புகையிலையையும் சேர்த்து.

21 பிப்ரவரி, புதன்

அவன் கப்பலேறி ஒரு வாரம். மதுரை போய் வந்தேன், கண் டாக்டர். திருப்பத்தூரில் பஸ் அரை மணி நின்றது, சந்தை நாள் கூட்டம். பக்கத்து சீட்டுக் கிழவர் மடியில் சேவல். அது என் இடது பக்கம் வருவதும் தெரியவில்லை, கொத்தின பிறகுதான் தெரிந்தது. கிழவர், "பாத்து உக்காரக் கூடாதாய்யா."

டாக்டர் சின்ன வயசுக்காரர். சிறுவயதில் அடிபட்டதா என்றார். அப்பா உளி அடிக்கையில் சிராய் தெறித்தது, பத்து வயசில். புரை விழுந்திருக்கிறது என்றார். இன்னும் முற்றட்டும், பிறகு எடுக்கலாம், தடிக் கண்ணாடி போட்டால் வெளிச்சம் வரும்.

"ரெண்டு கண்ணும் சேந்து பாக்குமா சார்?"

"சேராது. அது பெரிசாக் காட்டும், இது சின்னதாக் காட்டும். உங்களுக்கு என்ன வேலை?"

சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார். நல்ல மனுஷர்.

பாக்கியம் மீனாட்சி வீட்டுப் பக்கம் போவதை நிறுத்திவிட்டாள். கேட்டால், "வேலை கிடக்கு."

டிரேசிங் தாள், மசி, பேனா. நான் முன்பு படித்ததை நானே கோடு இழுக்கிறேன்.

8 ஏப்ரல், ஞாயிறு

வெயில் ஏறிவிட்டது. தெருவில் நுங்கு.

திரும்பி வந்துவிட்டார். மீனாட்சியோடு வந்தார், கறுத்து, இளைத்து. எனக்கு ஒரு டார்ச்லைட், பாக்கியத்துக்கு பிஸ்கட் டப்பா. பாக்கியம் வாங்கி மேசை மேல் வைத்தாள், திறக்கவில்லை.

கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன். முடியவில்லை. ஓடை எப்படி, தண்ணீர் என்ன நிறம், அலையாத்தி வேர் நிஜமாகவே வெளியே நிற்கிறதா. எல்லாம் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி:

"தெக்கு முகட்டுல நீங்க குறிச்சீகள்ல, வெட்டவெளி. அதுக்கு ஏறிப் போனோம் மச்சான். மூச்சு வாங்கிருச்சு. திடீர்னு மரமெல்லாம் விலகி வானம் தெரியுது. புல்லு முழங்கால் உயரம். காத்துன்னா காத்து. அந்த நடுவுல நின்னு ஒங்களத்தான் நெனச்சேன். பள்ளத்தூர் மாடியில உக்காந்துக்கிட்டு இதைக் கண்டுபிடிச்ச மனுசன், அவரு கண்ணுல்ல இங்க நிக்கணும்னு."

கண் கலங்கிவிட்டது எனக்கு. நல்ல கண், கெட்ட கண், ரெண்டுமே. மீனாட்சி தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கையைப் பிடித்துக்கொண்டேன். விடு மாப்ள, நடந்தது நடந்துபோச்சு என்றேன். மனசு லேசாகிவிட்டது. பாக்கியத்துக்குத்தான் பிடிக்கவில்லை. "அழகாத்தான் பேசுறாக" என்றாள்.

10 ஏப்ரல், செவ்வாய்

ரேஞ்சர் எல்லோர் முன்னாலும்: "நம்ம படிச்சதும் செல்வராசு தரையில பாத்ததும் அப்படியே ஒத்துப் போகுது. ஒண்ணு கூடப் பிசகல. ராமலிங்கம், ஒன் கண்ணு விஷயத்துல நான் அவசரப்பட்டுட்டேன் போல."

நாற்காலி திரும்பக் கிடைத்தது. கண்ணாடியும். டைப் அடிக்கிற பையன் கூடக் கை கொடுத்தான். சந்தோஷம்தான். ஆனால் ஒன்று கூடப் பிசகவில்லை என்பது நம்பும்படியாக இல்லை. எத்தனை இடத்தில் தயங்கித் தயங்கி எழுதினேன். இருக்கட்டும். நல்லதை ஏன் கிளறணும்.

12 ஏப்ரல், வியாழன்

கிளறிவிட்டேன். கிளற வேண்டும் என்று இல்லை. ஆசையில்தான்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு எல்லோரும் கீழே போனபின், அந்த முகட்டுப் படத்தை எடுத்தேன். ஒருத்தர் நின்று வந்த இடமாயிற்றே, இன்னொரு தடவை பார்ப்போம் என்று. கண்ணாடி வேண்டாம். வலது கண் ஒன்றை வைத்து, முதலில் இந்தப் படம். வெளுப்பு, நீளவாக்கில், அதே இடத்தில். சரி. பிறகு அதன் ஜோடி. அதே முகடு, அதே ஓடை வளைவு, அதே மூன்று பெருமரம்.

வெட்டவெளி இல்லை. மரத்தோடு மரமாக முழுக்க மூடிக் கிடக்கிறது.

திரும்ப இது. திரும்ப அது. ப்ளேன் நகர்கிற நேரத்தில் எந்தக் காடு முளைக்கும். விரலால் தேய்த்தேன், தூசி இல்லை. ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். பிலிமில் விழுந்த கீறல். அச்சாகி வந்திருக்கிறது. ரெண்டு கண் இருந்திருந்தால் வைத்த நிமிஷமே தெரிந்திருக்கும், அது மட்டும் காட்டோடு ஒட்டாமல் அந்தரத்தில் நின்றிருக்கும்.

கீறல். அதில் புல். முழங்கால் உயரம். காற்று.

கீழே சிரிக்கிற சத்தம் கேட்டது. அவன் சிரிப்புதான். ரசம் பத்தவில்லை என்று யாரோ சொல்கிறார்கள்.

15 ஏப்ரல், ஞாயிறு

ஊருணிக் கரைக்கு வரச் சொல்லியிருந்தேன். வந்தான். தண்ணீர் அடியில் கொஞ்சம்தான். நாலைந்து பெண்கள் குடத்தோடு.

படத்தைக் கொண்டுபோகவில்லை. சும்மா கேட்டேன். "மாப்ள, அந்த வெட்டவெளியில தண்ணி இருந்துச்சா? முகாம் போட்டா குடிக்க வேணும்ல."

"சின்ன ஊத்து ஒண்ணு இருந்துச்சு மச்சான்."

"அது படத்துல விழுந்த கீறல் மாப்ள. அங்க வெட்டவெளியே கிடையாது."

முகம் போன போக்கைப் பார்க்கச் சகிக்கவில்லை. கல்லை எடுத்துத் தண்ணீரில் போட்டான். இன்னொன்று. பிறகு சொன்னான், எல்லாமே. கரையில் ஒரு பங்களா. போய் இறங்கின நாளிலிருந்து மழை. கூட வந்த ஆட்கள் மேலே வர மாட்டோம் என்றுவிட்டார்கள். ஒரு நாள் கொஞ்ச தூரம் போய்ப் பார்த்தானாம், காலெல்லாம் அட்டை, வழி தப்பி, இருட்டு. பயந்துவிட்டான். அதன் பிறகு பங்களாவை விட்டு இறங்கவில்லை. நான் படித்து எழுதினது கையில் இருந்தது. அதையே பார்த்துப் பார்த்து, போய்ப் பார்த்ததாக எழுதிக்கொண்டு வந்துவிட்டான்.

"நீங்க தப்பாப் பாக்க மாட்டீகன்னு ஒரு நம்பிக்கை மச்சான்."

"அந்தக் கதைய எதுக்குச் சொன்னீக? நடுவுல நின்னு என்னைய நெனச்சேன்னு?"

"ஒங்களுக்குச் சந்தோசமா இருக்கட்டும்னுதான்."

அடித்திருப்பேன். பெண்கள் இருந்தார்கள்.

"முதல் முகாமே அங்கதான் போடப் போறாக. நம்ம பக்கத்து ஆளுகளும் அந்தக் கோஷ்டியில உண்டு. அரிசி மூட்டையத் தூக்கிக்கிட்டு அந்தச் சரிவுல ஏறி, மேல போனா நிக்கக் கூட இடம் இருக்காது."

"சொன்னீகன்னா ஒங்க கண்ணு விஷயமும் திரும்ப வெளிய வரும் மச்சான். நான் போனா ஒங்களையும் இழுத்துக்கிட்டுத்தான் போவேன்னு சொல்லல. ஒங்க வேலையும் தானாப் போயிரும்னு சொல்றேன்."

மிரட்டலா, யோசனையா. ரெண்டும்தான்.

16 ஏப்ரல், திங்கள்

மீனாட்சி. விடிந்ததும் விடியாததுமாக. தலை கூட வாரவில்லை.

"ரேஞ்சர்ட்டச் சொல்லப் போறீகளாண்ணே?"

"ஒனக்குத் தெரியுமா?"

"வந்து எறங்கின அன்னைக்கே எங்கிட்டச் சொல்லிட்டாக."

எனக்கு அது உறைக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. வந்திறங்கின அன்றைக்கு. அப்படியென்றால் அந்த ஞாயிற்றுக்கிழமை இதே இடத்தில் உட்கார்ந்து, புருஷன் புல்லையும் காற்றையும் சொல்லச் சொல்ல, நான் கண்ணைத் துடைத்ததையும் பார்த்துக்கொண்டு.

"தெரிஞ்சேதான் உக்காந்திருந்தியா?"

"நான் என்னண்ணே செய்ய. அவுக பொழைக்கணும்ல. நீங்களும் அவுகளும் பேசிக்கிட்டா அதுவே போதும்னு இருந்துச்சு."

சின்ன வயசில் திருப்பத்தூர்த் திருவிழாவில் இவள் தொலைந்துபோய், தேடிக் கண்டுபிடித்தபோது என் இடுப்பைக் கட்டிக்கொண்டவள். அதெல்லாம் இப்போது எதற்கு.

போ என்றேன். போனாள். பாக்கியம் கோலமாவுக் கிண்ணத்தோடு வாசலில் நின்றவள் அவளுக்கு வழிவிட்டு விலகினாள், வா என்றும் இல்லை போ என்றும் இல்லை.

17 ஏப்ரல், செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

ரேஞ்சர் ரெண்டு படத்தையும் கண்ணாடிக்குக் கீழே வைத்துக் குனிந்தார். அவருக்கு ரெண்டு கண்ணும் உண்டு. சீக்கிரமே நிமிர்ந்தார்.

"கீறல்தான்."

செல்வராசு ஏறவே இல்லை என்பதையும் சொன்னேன். ஊருணிக் கரையில் அவனே ஒத்துக்கொண்டதையும். கதவைச் சாத்தச் சொன்னார்.

"செட்டியாருக்கு ரிப்போர்ட் போயாச்சு ராமலிங்கம். எல்லாம் தரையில சரிபாத்தாச்சுன்னு நான்தான் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். இப்ப ஆளே மேல போகலைன்னு எழுதினா, செல்வராசு மட்டுமா போவான்? நானும்தான. அப்புறம் இந்த மாடியே இருக்காது."

"முகாம் ஐயா."

"முகாமை மாத்திரலாம். அது என் பொறுப்பு. படிச்சவருக்கு ஒரு கண்ணுல புரை, அதனால கீறலை வெட்டவெளின்னு நெனச்சுட்டாரு, முகாம் கரையிலேயே இருக்கட்டும்னு எழுதிடுறேன். நீ ஒரு கையெழுத்துப் போடு. ஆளுகளுக்கும் நல்லது. எல்லாருக்கும் நல்லது."

"செல்வராசு அங்க நின்னேன்னு சொல்லியிருக்காரே?"

"வேற ஒரு வெட்டவெளிய அதுன்னு நெனச்சுட்டாருன்னு சொல்லிக்கலாம்."

"மத்த இடமெல்லாம்? அதையும் யாரும் போய்ப் பாக்கலையே ஐயா."

"மத்ததெல்லாம் நீ சரியாத்தான பாத்திருப்ப?"

"எனக்கு எப்படித் தெரியும். அதுக்குத்தான போய்ப் பாக்கணும்னது."

அவர் ஜன்னலைப் பார்த்தார். கீழே முற்றத்தில் யாரோ மிளகாய் காயப் போட்டிருந்த காரம் மேலே வரை.

கையெழுத்துப் போட்டேன். அந்த ஆட்கள் மேலே ஏறக் கூடாது, அது ஒன்றுக்காக. எழுதினதில் பொய் என்று ஒரு வரியும் இல்லை, அதுதான் கொடுமை. கண்ணில் புரை உண்மை. கீறலை வெட்டவெளி என்று நினைத்தது உண்மை. எழுதாமல் விட்டதுதான் பாக்கியெல்லாம்.

வீட்டில் சொன்னேன், இந்தத் தடவை முதலில் பாக்கியத்திடம். கேட்டுக்கொண்டே இருந்தாள். "கையெழுத்துப் போட்டது சரிதான்" என்றாள். பிறகு, "ஆனா அவுக வீட்டு வாசப்படி நான் மிதிக்க மாட்டேன்."

28 ஏப்ரல், சனி

ஆபீஸில் கடைசி நாள். புரை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவனுக்கு அங்கே இனி இடம் இல்லை. காலையில் மேகம், மழை இல்லை. திங்கள் முதல் காரைக்குடியில் ஒரு மரக்கடையில் கணக்கெழுத வரச் சொல்லியிருக்கிறார்கள். அப்பாவைத் தெரிந்தவர்கள்.

என் பொருள்: டிபன் கேரியர், மூக்குக் கண்ணாடிக் கூடு, ரெண்டு பேனா, தலைக்கு வைக்கிற துண்டு. அவ்வளவுதான். கொண்டுபோக வேறொன்றும் இல்லை.

கிளம்புகிற நேரம் ரேஞ்சர் ஒரு பெரிய உறையைப் பிரித்தார். சிங்கப்பூரிலிருந்து வந்த சாம்பிள் படம், செயற்கைக்கோள் எடுத்தது. கலர். காடு பச்சையாக இல்லை, சிவப்பு. அப்படித்தான் வருமாம். கடல் கறுப்பு. தீவு முழுதும் உள்ளங்கை அளவு.

பழக்கதோஷம், "ஜோடி எங்கங்கய்யா?" என்றேன்.

"ஜோடி கிடையாதுப்பா. ஒத்தப் படம்தான். நிறத்தை வச்சே படிக்கணுமாம்."

வாங்கி ஜன்னல் பக்கம் வைத்து, இடது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். ஓரத்தில் மங்கின சிவப்பு, அலையாத்தி. உள்ளே தள்ளிக் கொஞ்சம் கறுத்த இடம், சதுப்பு. முகட்டில் நல்ல சிவப்பு, ஒரு ஓட்டை இல்லாமல். எல்லாம் தெரிந்தது. எல்லாம் படிக்க வந்தது. இந்த வேலைக்கு ஒத்தக் கண் போதும். கப்பல் போகும் முன்னாலேயே யாருக்காவது இது தெரிந்திருக்குமா. ரேஞ்சருக்குத் தெரிந்திருக்கும்.

அவர் முகத்தைப் பார்த்தேன். படத்தை வாங்கி உறைக்குள் போட்டுக்கொண்டார்.

"செல்வராசு கத்துக்குவான்" என்றார்.

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. யாரோ ரெண்டு பேர் மாமியார் சண்டை பேசிக்கொண்டே வந்தார்கள். "அவ சொன்னான்னு நீ நம்பினியா?" "நம்பாம?" காரைக்குடி வரை அதே பேச்சு.

9 மே, புதன்

கத்திரி வெயில். காலையிலேயே ரோட்டில் தார் இளகுகிறது. குழாயில் தண்ணீர் இல்லை, பாக்கியம் ரெண்டு தெரு தள்ளிப் போய்க் கொண்டுவந்தாள்.

அவர்கள் சொல்லிக்கொள்ள வந்தார்கள். இந்த வாரக் கப்பல். சிங்கப்பூர், மீனாட்சியும் கூட. வராமல் போயிருக்கலாம். ஊர் கேட்குமே என்று வந்திருப்பார்கள்.

காப்பி கொடுத்தாள் பாக்கியம். வீட்டுக்கு வந்தவர்களாயிற்றே. பேசவில்லை. அவர் மின்விசிறியைப் பற்றி ஏதோ சொன்னார், சத்தம் போடுது எண்ணெய் விடணும் என்று. ஆமாம் என்றேன். மீனாட்சி, "போனதும் லெட்டர் போடுறேண்ணே." சரி.

கிளம்பும்போது ரெண்டு பேரும் விழுந்து கும்பிட்டார்கள். அக்கரை போகிறவர்கள், மூத்தவன் நான். பாக்கியம் உள்ளே போய் விபூதித் தட்டைக் கொண்டுவந்து நீட்டினாள். மீனாட்சிக்குப் பூசினேன். நெற்றி சுட்டது, வெயிலில் நடந்து வந்தவள். அவள் அழுதாள், எனக்கு ஒன்றும் வரவில்லை.

அடுத்து அவர். குனிந்து நிற்கிறார். தட்டு என் கையில். கை எழும்பவில்லை. "அண்ணே" என்றாள் மீனாட்சி, மெதுவாக.

தட்டை மேசை மேல் வைத்தேன்.

கொஞ்ச நேரம் அப்படியே குனிந்திருந்தார். பிறகு நிமிர்ந்து, அவரே எடுத்துப் பூசிக்கொண்டார்.